பிற நாட்டுப் படைக்குக் கற்பிக்கப் போகும் உஸ்தாத்துகளுக்கு

அன்புள்ள சுபேதார் ஐயாக்களுக்கும் ஹவில்தார் சகோதரர்களுக்கும்,



பூட்டானின் ஹா பள்ளத்தாக்கில் 1962 முதல் நம் ராணுவத்தின் பயிற்சிக் குழு இருந்துவருகிறது. நான்கு புறமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த லெசோத்தோவுக்கு 2001-இல் நம் பயிற்சிக் குழு போனது. மிசோரமில் உள்ள வைரங்டே காட்டுப்போர்ப் பள்ளிக்குப் பல நாட்டுச் சிப்பாய்கள் வந்து படித்துவிட்டுப் போகிறார்கள். இத்தகைய குழுக்களுக்கு அதிகாரிகள் தலைமை தாங்குவார்கள். ஆனால் மைதானத்தில் நின்று தொண்டை வறளக் கற்பிக்கிறவர்கள் நீங்கள்தான். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைக்கிற வழக்கம் உண்டு. அப்படி வீட்டுக்கு வீடு படையில் ஆள் இருக்கும் ஊர்களிலிருந்து போன உங்களில் சிலராவது இதை வாசிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

படைகள் எப்படி உருவாகின்றன, எப்படிக் கலைகின்றன என்பதை நெடுங்காலமாகப் படித்தும் எழுதியும் வருகிறேன். பெரிய நாடுகள் வேறு நாடுகளின் படைகளைக் கட்டியெழுப்ப முயன்ற கதைகளைத் தொடர்ந்து பார்த்ததில் ஒன்று எனக்கு உறுதியாகப் பட்டது. ஒரு படைக்கு ஹவில்தார்களை உண்டாக்கித் தருவது வெளியாள் ஒருவரால் மட்டும் ஆகிற காரியம் இல்லை. அந்த நாடு தன் ஹவில்தாருக்கு அதிகாரமும் மதிப்பும் ஒழுங்கான சம்பளமும் தர முன்வந்தால் நீங்கள் கொண்டுபோகும் பயிற்சி வேர் பிடிக்கும். முன்வராவிட்டால் உங்கள் உழைப்பு ஒரு சான்றிதழோடும் குழுப் புகைப்படத்தோடும் முடிந்துபோகும். விமானம் ஏறுவதற்கு முன்பே இது உங்கள் மனதில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நம் படையில் ஹவில்தாரும் சுபேதாரும் இல்லாத ஒரு நாளை உங்களால் நினைத்துப் பார்க்கவே முடியாது. பத்துப் பேர் கொண்ட செக்‌ஷனை நடத்துகிறவர் ஹவில்தார். மூன்று செக்‌ஷன் சேர்ந்த பிளட்டூனைப் பெரும்பாலும் ஒரு நாயப் சுபேதாரோ சுபேதாரோதான் நடத்துகிறார். டேராடூனிலிருந்தோ நம் பரங்கிமலை அகாடமியிலிருந்தோ புதிதாக வந்து இறங்கும் லெப்டினன்ட்டுக்கு, ‘சாப், இப்படிச் செய்து பார்க்கலாமா’ என்று யோசனை கேட்கிற பாவனையிலேயே வேலை கற்றுக்கொடுப்பவரும் அவர்தான். ராத்திரிக் காவலுக்கு யாரை எந்த மூலையில் நிறுத்துவது, யாருக்குக் காலில் கொப்புளம் கண்டிருக்கிறது, வீட்டிலிருந்து போன் வந்த பிறகு யார் பேச்சு மூச்சில்லாமல் இருக்கிறான், எந்த மேகஸினில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்பதெல்லாம் எந்த உத்தரவிலும் எழுதப்பட்டிருக்காது. அது ஹவில்தாரின் தலைக்குள் இருக்கும். அவர் அடிபட்டு விழுந்தால் அடுத்த நாயக் அதே வேலையை அந்த நொடியிலேயே கையில் எடுப்பார்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளங்களிலிருந்தே இந்தப் பதவிகள் தொடர்ந்து வருகின்றன. 1758-இல் தொடங்கும் வரலாறு கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேருகிற தம்பி, உஸ்தாத் சொன்னால் சொன்னதுதான் என்பதை வெலிங்டன் பயிற்சி மையத்தில் முதல் நாளே தெரிந்துகொள்கிறான். அத்தனை தலைமுறையாக ஊறிய பழக்கம் என்பதால், எல்லாப் படையிலும் இது இருக்கத்தான் செய்யும் என்று தோன்றுவது இயல்பு. நீங்கள் போகும் இடத்தில் அது இல்லாமல் இருக்கலாம். பட்டை தைத்த சட்டை இருக்கும், அதை அணிந்த ஆளும் இருப்பார், வேலை மட்டும் அவரிடம் இருக்காது.

சோவியத் முறையில் வளர்ந்த படைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டாயச் சேவைக்கு வந்த பதினெட்டு வயதுப் பையன்களில் சிலரைப் பொறுக்கி ஆறு மாதம் பயிற்சி கொடுத்து சார்ஜென்ட் பட்டை தைத்து அனுப்புவார்கள். அவன் போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர்களும் அவன் வயதுதான், அவனைவிட மூத்தவர்களும் உண்டு. அவன் பேச்சை யார் கேட்பார்கள்? எனவே நம் ஹவில்தார் செய்யும் வேலை முழுவதையும் இளம் அதிகாரிகளே செய்தார்கள். அதிகாரி வீட்டுக்குப் போன பின், ராத்திரி பாராக்கில் ஆட்சி நடத்தியவர்கள் இரண்டாம் ஆண்டுச் சிப்பாய்கள். புதிதாக வந்தவர்களை அடிப்பது, அவர்கள் பணத்தைப் பிடுங்குவது, தங்கள் வேலையை அவர்கள் தலையில் கட்டுவது என்று நடந்த அந்தக் கொடுமைக்கு ‘தெதோவ்ஷ்சினா’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. நல்ல ஹவில்தார் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தால் அங்கே அடாவடிக்காரன் வந்து உட்கார்ந்துகொள்கிறான். இந்த மரபு உக்ரைனுக்கும் ஜார்ஜியாவுக்கும் மத்திய ஆசிய நாடுகளுக்கும் போயிற்று. 1980-களில் சோவியத் ஆலோசகர்கள் வளர்த்த ஆப்கான் படைக்கும் போயிற்று.

ஆப்கானிஸ்தானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தப் பணியில் எதெல்லாம் கெட்டுப்போகும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை.

2002-இல் புதிய ஆப்கான் தேசியப் படையை உண்டாக்கும் வேலை தொடங்கியது. காபூலின் கிழக்கு ஓரத்தில் இருந்த ராணுவப் பயிற்சி மையத்தில் நாடுகள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. பட்டாலியன்களை அமெரிக்கர்களும், அதிகாரிகளைப் பிரெஞ்சுக்காரர்களும், ஹவில்தார் நிலையில் இருப்பவர்களை பிரிட்டிஷாரும் பயிற்றுவித்தார்கள். கற்பிக்க வந்தவர்கள் உலகத்திலேயே பேர்பெற்ற பிரிட்டிஷ் சார்ஜென்ட்டுகள். திறமைக்குக் குறைவில்லை, பணத்துக்கும் குறைவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளில் ஆப்கான் பாதுகாப்புப் படைகளுக்கு அமெரிக்கா மட்டும் ஏறத்தாழ 9,000 கோடி டாலர் செலவழித்தது.

முதல் முட்டுக்கட்டை எழுத்தறிவு. படையில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்குப் பெயர் எழுதத் தெரியாது. இதில் அவர்கள் குற்றம் ஒன்றும் இல்லை. இருபதாண்டுப் போரில் பள்ளிக்கூடம் எங்கே இருந்தது? ஆனால் ஒரு ஹவில்தார் டியூட்டிப் பட்டியல் போட வேண்டும், தோட்டாக் கணக்கு வைக்க வேண்டும், வரைபடத்தில் எண்ணைப் பார்த்து ஒயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். இதற்காக மூன்று ஒப்பந்தங்களில் 20 கோடி டாலர் மதிப்பில் எழுத்தறிவுத் திட்டம் நடந்தது. அதில் முதல் நிலை என்றால் தனித்தனிச் சொற்களை வாசிப்பது, ஆயிரம் வரை எண்ணுவது, கூட்டல் கழித்தல். நம் ஊரில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை செய்கிற அளவு. அதைக் கற்றவர்களிலும் ஆண்டுதோறும் கூட்டம் கூட்டமாகப் படையை விட்டுப் போனார்கள். அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பே 2014-இல் இந்தத் திட்டத்தின் பலனை உறுதிப்படுத்த முடியவில்லை என்று எழுதியது.

இரண்டாவது முட்டுக்கட்டை இதைவிடப் பெரிது. பாடத்தை நன்றாகக் கற்றுத் தேறி, சொந்தப் பட்டாலியனுக்குத் திரும்பிய ஹவில்தாரை அங்கிருந்த அதிகாரி என்ன செய்தார்? பல இடங்களில் ஒன்றும் செய்யவில்லை. எந்த முடிவையும் எடுக்க விடவில்லை. பெட்ரோல் கொடுப்பதும் லீவு கொடுப்பதும் ஆளை அனுப்புவதும் அதிகாரியின் கையிலேயே இருந்தன. பதவி உயர்வு திறமையைப் பார்த்து வரவில்லை, இன்னார் ஆள் என்று பார்த்து வந்தது. அதிகாரியின் கண்ணுக்கு ஹவில்தார் பட்டை தைத்த சிப்பாய், அவ்வளவுதான். வெளிநாட்டார் ஹவில்தாருக்கு எட்டு வாரம் கற்பித்திருக்கலாம், பன்னிரண்டு வாரம் கற்பித்திருக்கலாம். அந்த அதிகாரியின் மனதை மாற்ற எத்தனை வாரம் ஒதுக்கினார்கள்?

மூன்றாவது, கற்பித்தவர்களே மாறிக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ்காரர் ஆறு மாதம், அமெரிக்கர் பெரும்பாலும் ஒரு வருஷம். வந்தவர் ஊரைப் புரிந்துகொண்டு, யார் பேச்சு நம்பத் தகுந்தது என்று பழகி, வேலை சூடுபிடிக்கும் நேரத்தில் பெட்டி கட்டுவார். அடுத்து வருகிறவர் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார். ஆப்கான் ஹவில்தார் மட்டும் அங்கேயே இருந்து, ஒருவர் மாற்றி ஒருவராக வந்தவர்களிடம் அதே பாடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆயுத விஷயத்திலும் அதேதான். தலைமுறை தலைமுறையாகக் கலாஷ்னிகோவ் பழகிய கைகளுக்கு 2008-இலிருந்து எம்-16 ரைபிள் கொடுத்தார்கள். அது நல்ல துப்பாக்கிதான். ஆனால் தினமும் துடைத்து எண்ணெய் போட்டுப் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியது. தினமும் துடைக்க வைப்பதற்கு ஓர் அதட்டும் ஹவில்தார் வேண்டும், அவர்தான் அங்கே இன்னும் உருவாகவில்லை. ஹெலிகாப்டர், வண்டி, கணினியில் ஓடும் ஸ்டோர் கணக்கு எல்லாம் அமெரிக்க முறை. அவற்றைப் பழுது பார்த்தவர்கள் வெளிநாட்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள். 2021-இல் அவர்கள் கிளம்பியதும் சக்கரங்கள் நின்றன. ஆகஸ்ட் 15-இல் காபூல் விழுந்தது.

அந்தச் சிப்பாய் கோழை, அதனால்தான் ஓடினான் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் கோபம் வரும். 2014-இலிருந்து 45,000-க்கும் மேற்பட்ட ஆப்கான் பாதுகாப்புப் படையினர் இறந்ததாக அந்நாட்டு அதிபரே 2019 ஜனவரியில் சொன்னார். அத்தனை பேர் செத்த பிறகும் அடுத்தவன் துப்பாக்கியோடு நின்றான். கடைசி மாதங்களில் சம்பளம் வராமல், சாப்பாடும் தோட்டாவும் வராமல் தனித்தனிச் சாவடிகளில் கைவிடப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பின்னால் நின்று ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்ல ஒரு ஹவில்தாரோ, அந்த ஹவில்தாருக்குப் பின்னால் ஓர் அமைப்போ இல்லாமல் போனது. நீங்கள் போய்க் கற்பிக்கும் படை எதுவானாலும், அங்கிருக்கும் சிப்பாயைப் பற்றி இளக்காரமான ஒரு வார்த்தை உங்கள் குழுவில் யார் வாயிலிருந்தும் வர விடாதீர்கள்.

நன்றாக நடந்த கதையும் இருக்கிறது. அதற்கு 1778-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அமெரிக்க விடுதலைப் போரில் வாஷிங்டனின் படை பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜில் குளிரிலும் நோயிலும் வதங்கிக் கிடந்தது. பிப்ரவரியில் அங்கே வந்து சேர்ந்தவர் பிரஷ்யப் படையில் பணியாற்றிய ஸ்டியூபன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அன்றன்றைக்கான பாடத்தைப் பிரெஞ்சில் எழுதுவார், அதை ஆங்கிலமாக்கிப் பிரிகேடுகளுக்கு அனுப்புவார்கள். முழுப் படையையும் ஒரே நேரத்தில் திருத்தும் ஆசை அவருக்கு இல்லை. ஏறக்குறைய நூறு பேரை மட்டும் பொறுக்கினார். தானே துப்பாக்கியை எடுத்துக் காட்டினார். அதிகாரி டிரில் கற்றுக்கொடுப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்த காலம் அது. அந்த நூறு பேரும் தங்கள் பிரிகேடுகளுக்குத் திரும்பிப்போய் ஆசிரியர்களானார்கள்.

பிரஷ்யாவின் கடினமான டிரில்லை அவர் அப்படியே அங்கே இறக்கவில்லை. சுருக்கினார், எளிதாக்கினார். இந்த நாட்டுச் சிப்பாயிடம் உத்தரவு மட்டும் போட்டால் போதாது, ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்ற காரணத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது என்று கண்டுகொண்டார், அப்படியே செய்தார். 1779-இல் அவர் எழுதிக்கொடுத்த ஒழுங்குமுறைப் புத்தகத்தில் கர்னல் முதல் சார்ஜென்ட், கார்ப்பரல் வரை ஒவ்வொருவர் கடமையும் தனித்தனியாக இருந்தது. இன்று உலகம் மெச்சும் அமெரிக்க சார்ஜென்ட் மரபு, வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் ஆசான் எழுதிய அந்தப் புத்தகத்திலிருந்து கிளைத்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவருக்குப் பின்னால் வாஷிங்டன் இருந்தார். சில மாதங்களிலேயே அவரை மொத்தப் படைக்கும் இன்ஸ்பெக்டர் ஜெனரலாக ஆக்கினார்கள். ஸ்டியூபன் சொன்னது ஆலோசனையாக நின்றுவிடவில்லை, அந்தப் படையின் சட்டமாயிற்று. அவரும் வேலை முடிந்தது என்று ஊர் திரும்பவில்லை, அந்த நாட்டின் குடிமகனாகி அங்கேயே இறந்தார்.

உக்ரைன் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 2014-இல் கிரிமியா கைவிட்டுப் போய், கிழக்கே போர் மூண்ட பிறகு அந்நாடு தன் படையைப் புரட்டிப்போட ஆரம்பித்தது. 2015-இலிருந்து லிவிவ் பகுதியின் யாவோரிவ் மைதானத்தில் அமெரிக்கர்களும் கனடியர்களும், வேறு இடங்களில் பிரிட்டிஷாரும் கற்பித்தார்கள். கனடா மட்டும் 2022 தொடக்கத்துக்குள் 33,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பயிற்சி தந்தது. எண்ணிக்கையைவிட எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. சில ஆண்டுகளிலேயே முன்னால் நின்று வகுப்பெடுப்பவர் உக்ரைன்காரராகவும், வெளிநாட்டார் அவருக்குப் பக்கத்துணையாகவும் மாறினார்கள். 2020-இல் சார்ஜென்ட் பதவிகளின் ஏணியையே சட்டத்தால் மாற்றியமைத்து மேலே மேலே படிகள் வைத்தார்கள். ஒரு நல்ல சார்ஜென்ட் அதிகாரியாக மாறாமலே மதிப்போடு உயரலாம் என்ற நிலையை உண்டாக்கினார்கள். இந்த வேலையை எந்த வெளிநாட்டுக் குழுவும் செய்துகொடுத்திருக்க முடியாது. 2022-இல் ரஷ்யப் படை பெரும் அணிவகுப்பாக வந்தபோது, சின்னச் சின்ன அணிகள் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் தாமாகவே மறித்து அடித்ததை உலகம் பார்த்தது.

அதற்கு எதிரி கொடுத்த மரியாதை ஏவுகணை. 2022 மார்ச் 13-இல் யாவோரிவ் மைதானம் தாக்கப்பட்டு 35 பேர் இறந்ததாக உக்ரைன் அறிவித்தது. மே மாதம் தெஸ்னா பயிற்சி மையம் தாக்கப்பட்டு 87 பேர் இறந்தார்கள்.

அதன்பிறகு பயிற்சி பிரிட்டனுக்கு இடம்பெயர்ந்தது. கடைக்காரர், டிரைவர், விவசாயி என்று வந்தவர்களுக்கு ஐந்து வாரத்தில் அடிப்படைப் பாடம். ஐந்து வாரத்தில் சிப்பாய்க்கு உயிர் பிழைக்கக் கற்றுக்கொடுக்கலாம், ஹவில்தார் வரமாட்டார். எட்டு வருஷம் வளர்த்த நல்ல சார்ஜென்ட்டுகளோ முதல் வருஷச் சண்டைகளிலேயே முன்வரிசையில் நின்று ஏராளமாக மடிந்தார்கள். விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிட வேண்டிவந்த வீட்டின் நிலை அது. பசி தாங்காமல்தான் சாப்பிட்டார்கள், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அடுத்த விதைப்புக்கு நெல் இல்லை. அணிதிரட்டலில் திரும்ப அழைக்கப்பட்ட பழைய அதிகாரிகளோடு பழைய சோவியத் பழக்கங்களும் திரும்பி வந்தன. நீங்கள் போகும் நாட்டில், உங்களிடம் படித்தவர்களில் மிகச் சிறந்த சிலரைப் பயிற்சிப் பள்ளியிலேயே நிறுத்திவைக்கும்படி அந்நாட்டாரிடம் மன்றாடுங்கள். எந்தப் படைத்தளபதிக்கும் அவர்களைத்தான் முதலில் முன்னணிக்கு அனுப்பத் தோன்றும்.

பிரிட்டனில் இன்னொன்றும் நடந்தது. பதுங்குகுழியிலிருந்து நேரே வந்த நாற்பது வயது உக்ரைன்காரர், தன்னைவிட இளைய பயிற்றுநரிடம் டிரோன் தலைக்கு மேல் சுற்றும்போது எப்படி அசைவது என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் கற்ற பாடத்தில் பதில் இருக்கவில்லை. நல்ல பயிற்றுநர்கள் அதை ஏற்றுக்கொண்டு, மைதானத்தில் பதுங்குகுழிகள் வெட்டி, மாணவர்களிடமே கேட்டுக் கேட்டுப் பாடத்தை மாற்றினார்கள். காஷ்மீரில் கண்ட அனுபவத்தோடு போகும் உங்களுக்கும் இது நேரும். உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் கார்ப்பரல் நீங்கள் காணாத சண்டையைக் கண்டவராக இருக்கலாம்.

இப்போது சொல்லப்போவது எழுதக் கடினமானது, ஆனாலும் தமிழில் எழுதுகிறவன் இதைத் தாண்டிப் போக முடியாது. நீங்கள் கற்றுக்கொடுக்கும் குறி யார் மேல் வைக்கப்படும்? 1981-இல் எல் சால்வடோரில் அமெரிக்கா பயிற்சி கொடுத்து உருவாக்கிய அட்லகாட்ல் பட்டாலியன், அதே ஆண்டு டிசம்பரில் எல் மொசோட்டே கிராமத்தில் நூற்றுக்கணக்கான பொதுமக்களைக் கொன்றது, அவர்களில் குழந்தைகள் மிகப் பலர். இலங்கைப் போரின் முடிவை 2009-இல் கண்ட தமிழ் மக்களுக்கு இந்தக் கேள்வியை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2012 ஜூலையில் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இலங்கை விமானப்படையினருக்குப் பயிற்சி தரப்படுவது தெரிந்து தமிழ்நாடே எதிர்த்தது. முதல்வர் ஜெயலலிதா கண்டித்தார். அவர்களைப் பெங்களூரு எலகங்காவுக்கு மாற்றினார்கள். இடத்தை மாற்றினால் கேள்வி போய்விடுமா என்று அன்று கேட்டவர்கள் சரியாகத்தான் கேட்டார்கள்.

எந்த நாட்டுக்கு உங்களை அனுப்புவது என்பதை நீங்கள் முடிவு செய்வதில்லை, அரசு செய்கிறது. ஆனால் கைதியின் கண்ணைக் கட்டி வண்டியில் ஏற்றும் இடத்தில் ஜெனரல் இருப்பதில்லை. சோதனைச்சாவடியில் ராத்திரி பத்து மணிக்கு வரும் பெண்ணிடம் எப்படிப் பேசுவது என்று முடிவு செய்பவர் ஒரு ஹவில்தார். அந்த ஹவில்தாரைத்தான் நீங்கள் உருவாக்குகிறீர்கள். ஆகவே போர்ச்சட்டம் என்று ஒரு மதியம் தனி வகுப்பு எடுத்துவிட்டு நகராதீர்கள். நீங்கள் நடத்தும் ஒவ்வொரு களப்பயிற்சியிலும் ஒரு குடும்பத்தை நிறுத்துங்கள், கையைத் தூக்கிச் சரணடையும் ஓர் எதிரியை நிறுத்துங்கள், அடிபட்ட எதிரியைப் படுக்க வையுங்கள். அவர்களைச் சரியாக நடத்தாத செக்‌ஷனுக்கு, எத்தனை குறி தப்பாமல் சுட்டிருந்தாலும், அந்தப் பயிற்சியில் தேர்ச்சி கிடையாது என்று முதல் நாளே சொல்லுங்கள். உங்கள் மாணவர்களில் எவராவது, அல்லது அவர்களின் அணி, ஜனங்களைக் கொடுமை செய்ததாகத் தெரியவந்தால் அதை எழுத்தில் உங்கள் கமாண்டருக்குக் கொடுங்கள். வாய்ச்சொல்லாக விட்டுவிடாதீர்கள்.

இனி, போய் இறங்கியதும் செய்ய வேண்டியவை பற்றிச் சில வார்த்தைகள். உடனே வகுப்பை ஆரம்பிக்காதீர்கள். அவர்களின் ஒரு கம்பெனியோடு சில நாள் சும்மா இருந்து பாருங்கள். காலையில் ஆளெண்ணிக்கை எடுப்பவர் யார்? லீவு கேட்டுச் சிப்பாய் யாரிடம் போகிறான்? ரேஷன் சாவி யார் இடுப்பில்? சம்பளம் யார் கை வழியாக வருகிறது? இந்த நான்கும் தெரிந்தால் அங்கே ஹவில்தாருக்கு உண்மையில் என்ன இடம் என்பது தெரிந்துவிடும். பிறகு பாடத்திட்டத்தைத் திறக்கலாம்.

மொழிபெயர்ப்பாளரை உங்கள் குழுவில் ஒருவராக நடத்துங்கள். முந்தின நாள் மாலையே அவரை உட்கார வைத்து மறுநாள் பாடத்தை நடத்திக் காட்டுங்கள், ரைபிளை அவர் கையிலும் கொடுங்கள். துப்பாக்கியைத் தொட்டறியாத ஒருவர் மொழிபெயர்த்தால் பாடம் பாதிதான் போய்ச் சேரும். ஊரில் தமிழ் மட்டும் பேசி வளர்ந்து, வெலிங்டன் மைதானத்தில் ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’ என்று கேட்டு முழித்து நின்ற நாட்கள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தெரியாத மொழியில் கற்பவரின் தவிப்பை உங்களைப்போல் அறிந்த பயிற்றுநர்கள் உலகத்தில் அதிகம் இல்லை.

ஹவில்தார் வகுப்புக்கு அவருடைய அதிகாரியையும் வரவழைக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடியுங்கள். உங்களால் நேரடியாகக் கேட்க முடியாவிட்டால் உங்கள் குழுத்தலைவர் வழியாகக் கேளுங்கள். கடைசி வாரக் களப்பயிற்சி முழுவதையும் ஹவில்தார்களே நடத்தட்டும், அவர்களின் அதிகாரிகள் வாய் திறக்காமல் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். தவறு நடக்கும். அந்த நேரத்தில் குறுக்கிடத் துடிக்கும் லெப்டினன்ட்டின் தோளில் கை வைத்து நிறுத்தக்கூடியவர், வயதாலும் அனுபவத்தாலும், ஒரு சுபேதார் மட்டுமே. இந்த ஒரு வேலைக்காகவே உங்களை அனுப்பலாம் என்று நான் நினைக்கிறேன். நாம் எத்தியோப்பியாவில் ஹராரிலும் நைஜீரியாவில் கடுனாவிலும் அதிகாரிகளுக்கான அகாடமிகள் அமைய உதவியதைப் பெருமையாகச் சொல்கிறோம், சொல்ல வேண்டியதும்தான். கல்வெட்டுத் திறக்க மந்திரி வருகிற வேலை அது. அதிகாரிக்கும் ஹவில்தாருக்கும் நடுவில் நம்பிக்கை வளர்க்கும் வேலைக்குக் கல்வெட்டு கிடையாது.

தேர்வு வைக்கும்போது அவர் ரைபிளை எத்தனை நொடியில் பிரித்துச் சேர்க்கிறார் என்று மட்டும் பார்க்காதீர்கள். புதிதாகச் சேர்ந்த பத்துப் பேரை அவரிடம் ஒப்படைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து வந்து அந்தப் பத்துப் பேரைச் சோதியுங்கள். அவர்கள் வாங்கும் மதிப்பெண்ணே அவருடைய மதிப்பெண்.

உங்களை அனுப்புகிறவர்களிடம் நீங்கள் கேட்டுப் பெற வேண்டியவையும் உண்டு. குழு மாறும்போது பழையவரும் புதியவரும் இரண்டு மாதமாவது சேர்ந்து வேலை செய்ய அனுமதி வேண்டும். மாணவர்கள் பற்றிய குறிப்பேடு, யார் எந்த அணிக்குப் போனார், அங்கே அவருக்கு என்ன பொறுப்பு கொடுத்தார்கள் என்ற விவரத்தோடு, ஆளுக்கு ஆள் கைமாறி வர வேண்டும். பெலகாவியில் ஜூனியர் லீடர்ஸ் விங்கில் நம் ஹவில்தார்களுக்கு நடக்கும் வகுப்புகளோடு, அயல்நாட்டில் கற்பிப்பது எப்படி என்பதற்கும் சில வாரம் ஒதுக்கினால் நல்லது. அதை நடத்த வேண்டியவர்கள், போய்த் திரும்பி வந்த உங்களில் மூத்தவர்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊரில் இருக்கும் சுபேதார்களையும் அழைக்கலாம். பூட்டானில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வைக்க யாரையாவது இந்த ஆண்டே நியமிக்கச் சொல்லுங்கள். அந்த மனிதர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ஊர்ப்பக்கத்து எழுத்தாளன்